ஹார்ட் டிஸ்கில் "டிக் டிக்" சத்தம் கேட்டதும் கடைக்கு ஓடாதீர்கள், எனக்கு 9,500 ரூபாய் போயிருக்கிறது

கோபத்தில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் டிரைவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது நேற்று ராத்திரிதான் எனக்கு உறுதியானது. ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், வீட்டில் பிள்ளைகளின் போட்டோவை ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருப்பவர்கள் எல்லாரும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். எந்த செட்டிங்கை எங்கே மாற்ற வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் எடுப்போம். எடிட்டிங் கம்ப்யூட்டரில் ஒரு 4 டிபி டிரைவ், வாங்கி ஒன்றரை வருடம், இரண்டு வருட வாரண்டியில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்தது. இந்த வைகாசியில் எடுத்த பதினொரு கல்யாணமும் அதில்தான் இருக்கின்றன. அதில் மூன்று கல்யாணத்துக்கு இன்னும் ஆல்பமே கொடுக்கவில்லை. வேறு காப்பி கிடையாது. அது என் தவறு, அதை மறைக்கவில்லை.

ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த டிரைவில் ஒரு சத்தம். பகலில் ரோட்டுச் சத்தத்தில் தெரியாது, ராத்திரி உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும். லேசாக ஒரு "டிக்". கொஞ்ச நேரம் கழித்து ஒரு "ட்ரிக்". மறுபடி "டிக்". விடாமல் இப்படியே. படங்கள் திறக்கின்றன, வீடியோ ஓடுகிறது, எங்கேயும் தடங்கல் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று வீட்டுக் கல்யாணம் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

ஜங்ஷன் பக்கம் மாடியில், லேப்டாப் சர்வீஸ், டேட்டா ரெக்கவரி என்று பெரிய போர்டு வைத்த ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பெயரைப் போட்டு நீயே சிக்கலை இழுத்துக்கொள்ளாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார்.

அங்கே நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், நல்ல பேச்சு. உட்கார வைத்து டீ சொன்னார். டிரைவை அவர் மேஜையில் மாட்டி, கடையில் ஓடிய ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, "காதைப் பக்கத்துல வச்சுக் கேளுங்க அண்ணாச்சி" என்றார். ஒரு ஃபோல்டரைத் திறந்தார். "ட்ரிக்." கையை எடுத்துவிட்டுப் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். சில நொடியில் "டிக்." மறுபடி ஒரு ஃபோல்டர், "ட்ரிக்", மறுபடி காத்திருப்பு, "டிக்." இப்படி ஐந்தாறு தடவை. அப்புறம் மெதுவாக, டிரைவுக்குள் சுழலும் தட்டில் தகவலைப் படித்து எழுதும் ஹெட் என்ற முனையைப் பற்றிச் சொன்னார்: "ஹெட் போய்க்கிட்டு இருக்கு அண்ணாச்சி. இன்னும் ரெண்டு நாள் ஓட்டினீயன்னா தட்டுல கீறி மொத்தமும் போயிரும். ஹெட்டை மாத்தினா காப்பாத்திரலாம். கல்யாணப் படம்னு சொல்லுதீய, அது பணம் குடுத்தாலும் திரும்பி வராதுல்லா?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அது உண்மையான வார்த்தை, அதனால்தான் நம்பினேன். பன்னிரண்டாயிரம் என்று ஆரம்பித்து, "உங்களுக்காக" 9,500க்கு இறங்கினார். 3,000 அங்கேயே அட்வான்ஸ், மீதி 6,500 டிரைவை வாங்கும்போது. பில் கேட்டேன், ஒரு துண்டுச் சீட்டில் "சர்வீஸ் சார்ஜ் 9,500" என்று எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, டிரைவின் சீரியல் நம்பர் இல்லை, ஹெட் மாற்றினேன் என்ற ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் போனேன். டிரைவை மாட்டிக் காட்டினார், ஃபோல்டர் எல்லாம் இருந்தது, சத்தமே இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டேன், ஒரு "டிக்" கூட வரவில்லை. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரில் மாட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, "டிக்." அப்புறம் "ட்ரிக்." அதே சத்தம், அதே இடைவெளி.

மறுநாள் காலையில் போன் செய்தேன். "புது ஹெட் அண்ணாச்சி, செட் ஆக ஒரு வாரம் ஆகும்" என்றார். ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த போனுக்கு "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கான், வரட்டும்." அதற்கடுத்து வாட்ஸ்அப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. நேரில் போனால் கல்லாவில் இருந்த பையன் "ஓனர் இல்லை சார்" என்கிறான், உள்ளே அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது. மூன்றாம் தடவை போனபோதுதான் வெளியே வந்தார். இந்தத் தடவை டீ இல்லை. "பழைய டிரைவுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு? வேணும்னா புது டிரைவ் நம்மகிட்டயே எடுத்துக்கிடுங்க, ஆயிரம் ரூவா குறைச்சுக்கிடுதேன்." 9,500 வாங்கிய வாய் இதைச் சொல்கிறது.

சரி, வாரண்டியாவது இருக்கிறதே என்று டிரைவ் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெண் ஒரே நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். ஓரத்தில் இருந்த சீல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, வாரண்டி கிடையாது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் விதி அது. ஆக 9,500 மட்டும் போகவில்லை, ஆறு மாத வாரண்டியும் போயிற்று.

நேற்று ராத்திரி கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா மகனிடம் வீடியோ காலில் புலம்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, மேல ஒட்டியிருக்கிற பெரிய லேபிள் கிழிஞ்சிருக்கா?" இல்லை, புதுசு போலவே இருக்கிறது. லேபிளை விரலால் அழுத்தித் தடவச் சொன்னான். ஒரு இடத்தில் வட்டமாகப் பள்ளம் தட்டுப்பட்டது. அதற்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது, அதைக் கழற்றாமல் மூடியைத் திறக்கவே முடியாது, லேபிளில் ஓட்டை போடாமல் அதைக் கழற்றவும் முடியாது என்றான். அதாவது மூடியை யாரும் திறக்கவில்லை. திறந்ததுபோல் காட்ட ஓரத்து சீலை மட்டும் நகத்தால் கீறியிருக்கிறார்கள்! பதினைந்து நாளாக அந்த லேபிள் என் கண் முன்னாலேயே இருந்தது.

அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடச் சொன்னான். அதில் 05, சி5, சி6 என்று மூன்று வரி உண்டு. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார் (தட்டில் தகவல் பதியும் சிறு பகுதி), சந்தேகத்தில் நிற்கும் செக்டார், படிக்கவே முடியாத செக்டார். மூன்றும் பூஜ்யம். டிரைவ் நன்றாக இருக்கிறது. ஆனால் சி1 என்ற வரியில் 1,86,420. ஹெட் எத்தனை தடவை ஓரத்தில் போய் நின்று திரும்பியிருக்கிறது என்ற கணக்கு அது.

டிரைவுக்கு வேலை இல்லாதபோது ஹெட்டைத் தட்டின் மேலிருந்து விலக்கி ஓரத்தில் ஒரு சரிவில் ஏற்றி நிறுத்திவிடும், அதற்குப் பெயர் பார்க்கிங். தூக்கும்போது லேசாக "டிக்", இறக்கும்போது "ட்ரிக்". மின்சாரம் மிச்சமாகும், அதிர்ச்சி பட்டாலும் தட்டு கீறாது. அது டிரைவின் இயல்பு, நோய் இல்லை. கோளாறு என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆல்பங்களை ஆன்லைனில் ஏற்ற நாற்பது நாள் முன்னால் ஒரு மென்பொருள் போட்டேன், அது பத்து நொடிக்கு ஒரு தடவை இந்த டிரைவில் எதையோ எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. ஹெட் போய் நிற்கும், உடனே அது எழுப்பும், திரும்பிப் போய் நிற்கும். நிமிடத்துக்கு ஆறு, மணிக்கு 360, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் 4,320. நாற்பது நாளில் ஒன்றே முக்கால் லட்சம். இந்த மாடலுக்குக் கம்பெனி போட்டிருக்கும் கணக்கு மொத்தம் மூன்று லட்சம். இப்படியே விட்டிருந்தால் தேய்மானம்தான், ஆகவே நான் பயந்தது முழுக்க வீணும் இல்லை. ஆனால் மருந்து ஒரு செட்டிங், விலை பூஜ்யம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவிலேயே ஏபிஎம் என்று ஒரு பகுதி இருக்கிறது, டிரைவ் எவ்வளவு மின்சாரச் சிக்கனம் செய்ய வேண்டும் என்று சொல்லும் செட்டிங் அது, எண் கூடினால் சிக்கனம் குறையும். என் டிரைவில் 128 என்று இருந்தது. 254க்கு மாற்றச் சொன்னான். மாற்றினேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த மேஜை ஞாபகம் வந்தது. அவர் ஏன் ஃபோல்டரைத் திறந்து திறந்து காட்டினார்? ஹெட்டை எழுப்பி விடத்தான். ஏன் பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்? அது திரும்பிப் போய் நிற்க சில நொடி வேண்டும். மூன்று நாள் கழித்து ஏன் சத்தம் வரவில்லை? அன்றைக்கு அவர் எந்த ஃபோல்டரையும் தொடவில்லை, ஒரு தடவை போய் நின்ற ஹெட் அப்படியே நின்றது. தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான், என் பயத்தை வைத்து 9,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சத்தம் எதுவானாலும் முதலில் இன்னொரு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். லேசான ஒற்றை "டிக்", ஃபைல் எல்லாம் திறக்கிறது, அந்த மூன்று வரியும் பூஜ்யம் என்றால் அது பெரும்பாலும் பார்க்கிங்தான், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். எண்கள் எழுத்தும் இலக்கமும் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம், செட்டிங்கில் பத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏபிஎம் மாற்றினால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிடலாம், மறுபடி பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய கிரீன் டிரைவ்களில் 8 நொடியில் போய் நிற்பது தனி செட்டிங், அதை ஏபிஎம்மில் மாற்ற முடியாது. லினக்ஸ் தெரிந்தவர்கள் எச்டிபார்ம் கட்டளையைப் பாருங்கள்.

பலமாக "டக் டக் டக்" என்று அடித்து, டிரைவையே கம்ப்யூட்டர் காட்டவில்லை என்றால் அது வேறு விஷயம். உடனே அணையுங்கள், திரும்பத் திரும்ப போட்டுப் பார்க்காதீர்கள். யாராவது சாதாரண மேஜையில் வைத்து மூடியைத் திறக்கிறேன் என்றால் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹெட் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, ஒரு தூசி போதும். ஹெட் மாற்றியதாகச் சொன்னால் கழற்றிய பழைய ஹெட்டைக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் சீல், லேபிள், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். துண்டுச் சீட்டை வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் கூப்பிடப் போகிறேன். 9,500 கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் இங்கே வந்து எழுதுகிறேன். திருநெல்வேலியில் இதே மாதிரி ஃபேனை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொன்ன கடையில் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், பில் எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எனக்குச் செய்தி அனுப்புங்கள்.