லீவில் ஊருக்கு வந்து காது டெஸ்ட் எடுப்பவர்களுக்கு: நெல்லை நிலவரம்

ஆச்சிக்கோ தாத்தாவுக்கோ காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஃபிளைட் ஏற வேண்டும் என்று நம்மில் பலர் திட்டம் போட்டு வருகிறோம். இலவச டெஸ்ட் என்று சொல்லும் மெஷின் கடைகளில் ஹெட்போனை மட்டும் மாட்டி, பத்து நிமிடத்தில் ஆடியோகிராமை, அதாவது எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்ட தாளை (கோடு கீழே இறங்கினால் கேட்பது குறைவு), நீட்டிவிடுவது உண்டு. எவ்வளவு கேட்கவில்லை என்பது அதில் இருக்கும். கோளாறு எந்த இடத்தில் என்பது இருக்காது.

அதற்கு எலும்புவழி டெஸ்ட் வேண்டும். தீப்பெட்டியைவிடச் சிறிய ஓர் அதிர்வுக்கட்டையைக் காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பில் பட்டை போட்டு இறுக்குவார்கள். சத்தம் செவிப்பறையைத் தொடாமல் நேரே உள்காதுக்குப் போகும். அது நன்றாகக் கேட்டு, ஹெட்போனில் மட்டும் 10 டெசிபலுக்கு மேல் பின்தங்கினால், அடைப்பு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது: குறும்பி, செவிப்பறைச் சவ்வில் ஓட்டை, நடுக்காதில் நீர், அங்கிருக்கும் குட்டி எலும்பு இறுகல். இவற்றில் பலவற்றுக்கு மருந்தோ ஆபரேஷனோ உண்டு. ஹெட்போன் கோடு, எலும்புவழிக் கோடு இரண்டும் ஒன்றாக இறங்கினால் கோளாறு உள்காதில் அல்லது நரம்பில். எலும்புவழியும் இறங்கி, இரண்டு கோட்டுக்கும் நடுவே இடைவெளியும் இருந்தால் இரண்டு வகையும் கலந்தது.

ஏமாறும் இடம் மாஸ்கிங். எலும்பில் தட்டும் சத்தம் இரண்டு உள்காதுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் போய்ச் சேரும். நல்ல காதில் இரைச்சல் கொடுத்து மூடாவிட்டால், முழுக்கச் செத்த காதுகூட ‘நடுக்காது அடைப்பு’ மாதிரி தாளில் விழும். அதனால் மாஸ்கிங் செய்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஃபேன் ஓடும் சாதாரண அறையும் ஆகாது. எலும்புவழி டெஸ்டில் காது திறந்திருப்பதால், ஃபேன் சத்தம் 250, 500 ஹெர்ட்ஸ் என்ற தணிந்த சுருதிகளை மறைத்து, உண்மையான இடைவெளியையே விழுங்கிவிடும். வயதானவர்களுக்கு இன்னொன்று: ஹெட்போன் அழுத்தி, தளர்ந்த காதுத்துளை மூடிக்கொண்டால் பொய் இடைவெளி வரும். காதுக்குள் செருகும் இயர்போன் போட்டால் அது மறைந்துவிடும். கண்ணாடி, கம்மல், பாம்படம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

இடைவெளி வந்தால், காற்றழுத்தத்துக்குச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியும் எடுக்கச் சொல்லுங்கள். கோடு தட்டையாக வந்து, காதுத்துளையின் கொள்ளளவு சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே நீர். கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்தால் சவ்வில் ஓட்டை.

“சத்தம் கேக்குது, என்ன சொல்லுதியன்னுதான் வெளங்கல” என்று ஆச்சி சொன்னால், பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், உயர்ந்த சுருதிகளில், கோடு சரிந்திருக்கும். பத்து, சத்து, கத்து மூன்றும் அவர்களுக்கு ஒன்றுதான். கத்திப் பேசிப் பலன் இல்லை. சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சொல் டெஸ்டும் எடுக்க வேண்டும். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழுந்து 8000-ல் கோடு மேலேறினால், அது இரைச்சல் தின்ற காது.

முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்றால் காலை ஓ.பி.க்கே போய்விட வேண்டும். இறுகிய குறும்பியை ஊறவைத்து எடுக்கவே சில நாள் சொட்டு மருந்து விடவேண்டி வரும். அதை எடுக்காமல் டெஸ்ட் செய்வது வீண். எனவே லீவின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், கிளம்பும்போது ஆடியோகிராமின் நகலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காது திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமல் போனால் மட்டும் குறும்பி என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். உள்காதுக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்கியாக வேண்டும்.