பாறைத் தடத்தில் எது தேறும்: இரண்டு மின் பைக்குகளும் ஒரு டூ ஸ்ட்ரோக்கும்

கொலராடோவில், டென்வருக்குத் தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது ராம்பார்ட் ரேஞ்ச். பைக் தேசிய வனத்தைச் சேர்ந்த மலை. (இந்தப் பைக், செபுலான் பைக் என்ற பழைய ராணுவ அதிகாரியின் பெயர். சனிக்கிழமை காலையில் அங்கே போனால் வண்டியை வைத்துத்தான் பெயரிட்டார்கள் என்று சத்தியம் செய்வீர்கள்.) அங்கே கிரானைட் சிதைந்து பட்டாணி அளவுச் சரளையாகி, கெட்டிப் பாறைமேல் பரவிக் கிடக்கும். சிமெண்டுத் தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் ஓடச் சொன்ன மாதிரி. நடுநடுவே முழங்கால் உயரத்தில் படிப்பாறைகள்.

இந்தத் தடத்தில் நண்பர்களின் மூன்று வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். சர்-ரான் லைட் பீ எக்ஸ், ஸ்டார்க் வார்க் இஎக்ஸ் என்ற இரண்டு மின் பைக்குகள், அப்புறம் பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக்கான கேடிஎம் 300 இஎக்ஸ்சி. ஒரு வார்க் விலையில் சர்-ரான் இரண்டு வாங்கினாலும் மிச்சம் இருக்கும். ஒரே தட்டில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் வாங்க நினைப்பவர்கள் குழம்புவது இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

முதலில் எடை. சர்-ரான் 60 கிலோவுக்குள் அடங்கும். கேடிஎம், டேங்க் நிறையப் பெட்ரோலுடன் 110 கிலோ அளவில் வரும். வார்க் 120. காலையில் முதல் தடவை விழும்போது இது பெரிதாகத் தெரியாது. மதியம் ஒன்பதாவது தடவை தூக்கும்போது ஒவ்வொரு கிலோவும் இடுப்பில் பேசும். சர்-ரானை ஒற்றை ஆளாகப் பாறை இடுக்கிலிருந்து உருவி எடுத்துவிடலாம். வார்க் சரிவில் தலைகீழாகக் கிடந்தால் இன்னொரு ஆள் வேண்டும்.

அதே லேசான உடம்புக்கு வேறு விலையும் உண்டு. சர்-ரானின் சக்கரம் 19 அங்குலம், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தூரம் 200 மில்லிமீட்டர் போல. மற்ற இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலம், சஸ்பென்ஷன் 300 மில்லிமீட்டர் வரை. அவை உருண்டு தாண்டும் கல்லில் சர்-ரான் முட்டி நிற்கும். மெதுவாகப் போனால் சமாளிக்கலாம், வேகம் பிடித்தால் மணிக்கட்டு காலி.

அசல் சோதனை படிப்பாறையில்தான். டூ ஸ்ட்ரோக்கில் கிளட்சைப் பிடித்து, இன்ஜினை உறும வைத்து, சட்டென்று விட்டால் ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம்) சேர்ந்திருந்த விசை ஒரே உதையில் முன்சக்கரத்தைத் தூக்கிப் பாறைமேல் வைக்கும். மின் வண்டிகள் இரண்டிலும் கிளட்ச் இல்லை, அப்படிச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. முறுக்கிய அளவுக்குத்தான் தள்ளும். ஆனால் முறுக்கிய கணமே தள்ளும், பாதி ஏற்றத்தில் அணைந்துபோகிற பயம் கிடையாது. ஒரு காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏற்றலாம். கிளட்ச் கைவந்தவர்களுக்கு உயரமான பாறையில் கேடிஎம்மை விட்டால் வேறில்லை. என்னைப் போன்ற அரைகுறைகள் மின் பைக்கில்தான் அதிகம் ஏறினோம்.

வார்க்கின் 80 குதிரைத்திறனைச் சரளையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹேண்டில் பாரில் பொருத்திய போனிலேயே அதைக் குறைத்துக்கொள்ளலாம். 20க்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் பின்சக்கரம் குழி தோண்டுவதை நிறுத்தியது.

இன்னொன்று, ஆர்எக்ஸ் 100 சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குப் புரியும்: காதுதான் நம் மீட்டர். ஒருமுறை கீழே விழுந்த மின் பைக்கை, அணைந்திருக்கிறது என்று நினைத்து, ஆக்ஸிலரேட்டர் பக்கமே பிடித்துத் தூக்கினேன். ஓசையே இல்லாமல் பாய்ந்து ஒரு பைன் மரத்தில் போய் நின்றது. அன்றிலிருந்து சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தூக்குகிறேன். அந்த மௌனத்தால் லாபமும் உண்டு. சரளையில் டயர் எப்போது வழுக்கத் தொடங்குகிறது என்பது காதிலேயே கேட்கும்.

உயரமும் கணக்கில் வரும். 2,500 மீட்டரில் காற்று மெலிந்து, பெட்ரோல் இன்ஜின் தன் திறனில் நாலில் ஒரு பங்கை இழந்துவிடும். மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. டூ ஸ்ட்ரோக்கின் வயிறு பெருத்த எக்ஸாஸ்ட் குழாய் வேறு முன்னால் துருத்திக்கொண்டு, கல்லில் அடிபட்டு நசுங்கும்.

ஆனால் தூரம் என்று வந்தால் பேச்சே இல்லை. 9 லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 80 யூனிட் ஆற்றல் இருக்கிறது. முக்கால்வாசி வெப்பமாக வீணானாலும் 20 யூனிட் சக்கரத்துக்குப் போகும். வார்க்கின் பேட்டரி 7.2 யூனிட், சர்-ரானில் இரண்டுக்குச் சற்று மேல். சர்-ரானின் பேட்டரியைக் கழற்றி மாட்டலாம் என்றாலும், 10 கிலோவுக்கு மேல் கனக்கும் உபரியை முதுகில் சுமந்து பாறை ஏற யாருக்குத் தெம்பு? பாதி இருக்கும்போதே திரும்பிவிடுவேன்.

சத்தமில்லை என்பதற்காகச் சைக்கிள் தடங்களில் நுழைவது திருட்டுத்தனம். சட்டத்தின் கண்ணில் இவையும் மோட்டார் வண்டிகளே. மூன்றுக்கும் மாநிலத்தின் அனுமதி ஸ்டிக்கர் வேண்டும்.

என் கைக்காசு என்றால் சர்-ரான் வாங்கி, நல்ல முன் ஃபோர்க்குக்குத் தனியாகப் பணம் ஒதுக்குவேன். விடிந்து போய் இருட்டித் திரும்புகிற ஆளாக இருந்தால் கேடிஎம். வார்க்கை ஓட்டக் கூப்பிட்டால் எப்போதும் போவேன், தூக்கிவிட அதன் சொந்தக்காரரும் கூட வருவதாக இருந்தால்.