மாலத்தீவா, துபாயா, ஐபி பள்ளியா: வெளிநாடு கிளம்பும் ஆசிரியருக்கு

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒரு போன். பழைய பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர். “அக்கா, கையில ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு மாலத்தீவுல ஒரு தீவுப் பள்ளி, இன்னொண்ணு துபாய்ல சிபிஎஸ்இ. நாலு ஐபி ஸ்கூலுக்கும் போட்டேன், பதிலே வரல. எதுக்குப் போறது?” (ஐபி என்றால் இன்டர்நேஷனல் பாக்கலரேட், பல நாடுகளில் நடக்கும் ஒரு சர்வதேசப் பாடத்திட்டம்.) பி.எட். முடித்து ஆறு வருட அனுபவம். கல்யாணமாகி மூன்று வயதில் ஒரு பையன். இந்த மூன்று இடங்களிலும் இயற்பியல் நடத்தியவள் என்பதால்தான் என்னைக் கேட்டாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் கோர்வையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘இன்டர்நேஷனல் ஸ்கூல்’ என்ற பெயரை ஒதுக்கி வையுங்கள். நம் ஊரிலேயே வாசலில் அப்படிப் போர்டு இருக்கும், உள்ளே சிபிஎஸ்இ நடக்கும். வளைகுடாவிலும் அதே கதைதான். கேட்க வேண்டியது எந்தப் பாடத்திட்டம் என்பதைத்தான். உங்கள் அடுத்த பத்து வருடம் அதில்தான் இருக்கிறது.

மாலத்தீவு மாணவர்கள் பத்தாம் வகுப்பு முடிவில் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் அமைப்பு நடத்தும் தேர்வு எழுதுகிறார்கள். திவேஹி மொழியும் இஸ்லாமும் தவிர மற்ற பாடங்கள் ஆங்கிலத்தில். நான் இருந்த தீவில் பத்தாம் வகுப்பில் மொத்தமே பன்னிரண்டு பேர். ஆய்வகம் பெயருக்குத்தான். அதனால் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாகக் கேம்பிரிட்ஜ் வைத்திருக்கும் எழுத்துத் தேர்வுக்குத் தயார் செய்தோம். ஒரு நாள் மிதத்தல் பாடம். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே படகுக்குப் பெயர் தோணிதான், நம்முடைய அதே சொல். தோணி கட்டுகிற வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, “மிஸ், சரக்கை எங்க வைக்கணும்னு எங்கப்பா சொல்வார்” என்று ஆங்கிலமும் கைஜாடையுமாகச் சொல்லிக் காட்டினான். மறுநாள் மொத்த வகுப்பையும் கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போனேன். இருபது வருட வேலையில் அந்த ஒரு பீரியடை நான் மறக்கவே இல்லை.

துபாய் சிபிஎஸ்இ வகுப்பறை உங்களுக்குத் தெரிந்ததுதான். அதே என்சிஇஆர்டி புத்தகம், ஏப்ரலில் ஆரம்பித்து மார்ச்சில் முடியும் அதே கல்வியாண்டு, அதே ப்ரீ-போர்டு. போய் இறங்கிய மறுநாளே பாடம் நடத்தலாம். ஆனால் மேலே கேஎச்டிஏ என்ற ஒன்று உண்டு. துபாயின் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது. நான் இருந்த வருடங்களில் ஆய்வாளர்கள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, ‘மிகச் சிறப்பு’ முதல் ‘மிக மோசம்’ வரை தரம் போடுவார்கள். பள்ளி எவ்வளவு கட்டணம் ஏற்றலாம் என்பதே அந்தத் தரத்தைச் சார்ந்தது என்பதால் மொத்த அழுத்தமும் ஆசிரியர் தலையில் இறங்கும். ஆய்வு வரும் வாரம் வீட்டில் சமைக்கக்கூட நேரம் இருக்காது. ஒவ்வொரு பீரியடுக்கும் பாடக் குறிப்பு, மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சித்தாள், வேகமாக முடிப்பவருக்கு வேறு ஒன்று. கஷ்டம்தான். ஆனால் நான் உருப்படியாகப் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டதும் அந்த வருடங்களில்தான்.

ஐபி வேறு உலகம். பாடத்தை நடத்தி முடிப்பதைவிட, பிள்ளையைக் கேள்வி கேட்க வைப்பதுதான் அங்கே வேலை. ஐபியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான டிப்ளமாவில் ஒவ்வொரு மாணவரும் தானே தேர்ந்தெடுத்த கேள்வி ஒன்றை ஆராய்ந்து 4,000 சொற்களுக்குள் கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர் கூடவே இருந்து வழிகாட்ட வேண்டும், ஆனால் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. சிபிஎஸ்இயில் பழகிய கைக்கு இது முதல் வருடம் மிகவும் சிரமம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சரி, காசுக்கு வருவோம். ஆஃபர் கடிதத்தில் இருக்கும் மொத்தத் தொகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

துபாயில் வருமான வரி கிடையாது. அதற்கு மேல் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பது. வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அதை வைத்துத்தான் கணக்கிடப்படும்: ஒரு வருடம் முடித்திருந்தால், முதல் 5 வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். இரண்டு பள்ளிகள் மாதம் 5,000 திர்ஹாம் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அடிப்படை 2,000, மற்றதில் 3,500. ஐந்து வருடம் கழித்து முதல் பள்ளியில் கைக்கு வருவது 7,000, இரண்டாவதில் 12,250. கடிதத்தில் இரண்டும் ஒரே சம்பளமாகத்தான் தெரியும். நான் முதல் ஒப்பந்தத்தில் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், ஏழு வருடம் கழித்துத்தான் வலித்தது.

மாலத்தீவில் சிக்கல் சம்பளத்தில் இல்லை, அதை ஊருக்கு அனுப்புவதில் இருக்கிறது. சம்பளம் அந்த நாட்டு நாணயமான ருஃபியாவில் வரும். அதிகாரபூர்வ மதிப்பு ஒரு டாலருக்கு 15.42. ஆனால் அந்த விலையில் வங்கி கேட்ட அளவுக்கு டாலர் தராது. எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். வெளியில் டாலருக்கு 18 ருஃபியா கொடுத்தால், காகிதத்தில் 778 டாலராக இருந்த 12,000 ருஃபியா 667 ஆகிவிடும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: “சம்பளத்தில் ஒரு பங்காவது டாலராகத் தருவீர்களா?” அப்புறம், இருப்பிடம் பள்ளியுடையதா, அதற்குத் தனியாகப் படி உண்டா? தீவில் செலவு செய்யவும் இடமில்லை என்பதால், தனியாகப் போகிறவர்களுக்குக் கையில் நிற்கும் பணம் துபாயைவிட அங்கே கூடவே இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஐபி பள்ளிகளில் சம்பளத்தோடு வீடு, வருடாந்திர விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை எல்லாம் சேர்ந்து வருவது வழக்கம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவருக்கு ஒரு தொகுப்பும், உள்ளூரிலேயே எடுக்கப்பட்டவருக்கு வேறொன்றும் தரும் பள்ளிகள் உண்டு. எந்த வகையில் உங்களை எடுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

குடும்பம் என்று வந்தால் துபாய்தான். கராமா பகுதியில் இறங்கி நடந்தால் நம்ம ஊர் காபி, மல்லிகைப்பூ, தமிழ் பேசும் டாக்டர் எல்லாம் கிடைக்கும். 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறையும் சனி, ஞாயிறுதான், வெள்ளி மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். ஆனால் வீட்டு வாடகைக்கு பின்தேதியிட்ட காசோலை கொடுக்க வேண்டும். வாடகை கட்டுப்படியாகாமல் ஷார்ஜாவில் வீடு எடுத்தால் காலையும் மாலையும் டிராஃபிக்கில் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அந்தச் சலுகை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் வாங்கும் சம்பளம் திரும்ப அதே மாதிரி ஒரு பள்ளிக்கே போய்ச் சேரும்.

தீவில் தனிமை உண்டு. காய்கறி படகில் வரும், மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் வராது. குடிக்க மழைநீர்த் தொட்டி. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் குறையே இல்லை, மாசிக் கருவாடு பிறந்த இடமே அது. சைவக்காரர்கள் பருப்பு மூட்டையோடு போக வேண்டும். இன்னொன்று, வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. பெட்டியில் வைத்துவிட்டு விமான நிலையத்தில் கலங்கி நிற்க வேண்டாம். அங்கே என்னைத் தேடி வந்து தேங்காய் வெட்டிக் கொடுத்த அம்மாக்களையும் சொல்லத்தான் வேண்டும். உடம்பு சரியில்லாமல் கிடந்த நாலு நாளும் பக்கத்து வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது.

அவளுக்கு ஐபி பள்ளிகள் ஏன் பதில் போடவில்லை? தகுதிக் குறைவு இல்லை. ஐபியோ கேம்பிரிட்ஜோ நடத்திய அனுபவம் இல்லாத விண்ணப்பத்தை அவர்கள் முதல் வடிகட்டலிலேயே தள்ளிவிடுகிறார்கள். நேரமும் முக்கியம். ஆகஸ்டில் தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய அக்டோபரிலிருந்தே ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள், நாம் மே மாதத்தில் அனுப்பிக்கொண்டிருப்போம். வழி இல்லாமல் இல்லை. கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976-லேயே ஐபி அங்கீகாரம் பெற்றது, இந்தியாவில் அதுதான் முதல். இப்போது சென்னையிலும் கோவையிலும் கேம்பிரிட்ஜ், ஐபி பள்ளிகள் இருக்கின்றன. அங்கே இரண்டு வருடம் வேலை பார்ப்பது எந்த ஏஜென்ட்டையும்விடப் பெரிய சிபாரிசு. கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு: 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் தகுதி பெற்றவர்களும் இங்கிலாந்தின் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் அந்த மூன்றெழுத்துக்கு நல்ல மதிப்பு.

எங்கே போனாலும் ஒரு விஷயம். விசிட் விசாவில் வந்து வேலையில் சேருங்கள், விசாவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் அடுத்த வார்த்தை பேசாதீர்கள். இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழ்நாடு அரசே கிண்டியில் ஓஎம்சிஎல் என்ற வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை 1978 முதல் நடத்துகிறது, அங்கேயும் பதிவு செய்து வையுங்கள்.

அவளிடம் நான் சொன்னது இதுதான். துபாய்ப் பள்ளியிடம் பையனின் கட்டணத்தையும் அடிப்படைச் சம்பளத்தையும் எழுத்தில் கேள். இரண்டும் நன்றாக இருந்தால் குடும்பத்தோடு கிளம்பு. இல்லையென்றால் மாலத்தீவுதான் என் ஓட்டு. பையனை இரண்டு வருடம் பாட்டியிடம் விட்டுப் போவது சின்ன விஷயமில்லை, அந்த முடிவை நான் எடுக்க முடியாது. ஆனால் கேம்பிரிட்ஜ் அனுபவம் அங்கேதான் கிடைக்கும், ஐபி கதவு திறப்பது அதற்குத்தான். ஆறாவது வருடமும் சிபிஎஸ்இ, பத்தாவது வருடமும் சிபிஎஸ்இ என்றால் நாடு மாறியிருக்கும், விண்ணப்பம் மாறியிருக்காது.

துபாயிலிருந்து பதில் வந்துவிட்டது: கட்டணத்தில் பாதி தள்ளுபடி, அடிப்படைச் சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. மாலத்தீவுக்கு எழுதியிருக்கிறாள். சான்றொப்பம் வாங்க ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும். அவையோ வேலையில் சேர்ந்த அன்று வாங்கி வைத்த பள்ளியின் பீரோவிலேயே இருக்கின்றன. எனக்கும் ஒரு காலத்தில் இதே நிலைமை, திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தேன். திங்கட்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு போய் எழுத்தில் கேட்கப் போகிறாள்.