60 பக்க ஆவணமா, ஒற்றைத் தாளா?

போன மாதம் எங்கள் இரண்டாவது வீடியோ கேமை உருவாக்கும் வேலையைத் தொடங்கியபோது நானும் நண்பனும் முதலில் பேசி முடித்தது இதைத்தான். முதல் கேமுக்கு 60 பக்கத்தில் டிசைன் டாக்குமெண்ட், அதாவது கேம் எப்படி இருக்கும் என்று விவரிக்கும் ஆவணம் எழுதினோம். இந்த முறை ஒரு ஏ4 தாளும் வேலைகளைப் பட்டியலிட ட்ரெல்லோ என்ற இணையச் செயலியில் ஒரு பலகையும் மட்டும்.

பெரிய ஆவணம் யோசனையைத் தெளிவாக்கும். ஒற்றைத் தாளைச் சீக்கிரம் எழுதிவிடலாம், எல்லாரும் படிப்பார்கள். இதெல்லாம் தெரிந்ததுதான். எழுதியதை வேலை முடியும்வரை யார் திருத்திக்கொண்டே இருப்பது? எங்களுக்கு முடிவைச் சொன்னது இந்தக் கேள்விதான்.

முதல் கேம் ஒரு பிளாட்ஃபார்மர், அதாவது தாவித் தாவி முன்னேறும் வகை. நாயகி 3 டைல் (லெவலைக் கட்டும் சதுரக் கட்டம்) உயரம் தாவுவாள் என்று ஆவணத்தில் இருந்தது. ஆடிப் பார்த்தால் தாவல் கனமாகத் தெரிந்தது. ஒரு ராத்திரி கேமின் நிரலில் 4 டைல் ஆக்கினேன், கை சுகமாக இருந்தது, தூங்கப் போய்விட்டேன். ஆவணத்தைத் தொடவில்லை. நண்பன் அதை நம்பி 11 லெவல் கட்டினான். சாவி இல்லாமல் தாண்டக்கூடாத சுவர்களை எல்லாம் 4 டைல் உயரத்தில் வைத்திருந்தான். சேர்த்து ஓடவிட்டபோது நாயகி அத்தனை சுவர் மீதும் சாதாரணமாக ஏறிப் போனாள். சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. ஆவணமே இல்லாதிருந்தால் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பான்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1992-ல் கேம் டிசைனர் டாம் ஹால் ‘டூம்’ விளையாட்டுக்காக ‘டூம் பைபிள்’ என்ற விரிவான ஆவணத்தை எழுதினார். 1993 டிசம்பரில் கேம் வந்தபோது அந்தக் கதையும் பாத்திரங்களும் பெரும்பாலும் அதில் இல்லை. அதற்கு முன்பே ஹாலும் அதை உருவாக்கிய குழுவை விட்டு விலகியிருந்தார்.

ஒற்றைத் தாள் யோசனையை கேம் டிசைனர் ஸ்டோன் லிப்ராண்டே 2010-ல் கேம் உருவாக்குவோருக்கான ஜிடிசி மாநாட்டில் விளக்கினார். எங்கள் தாளின் நடுவில் ஒரு லெவலின் படம், சுற்றிலும் குறிப்புகள். எண்கள் கிடையாது. தாவல் உயரம், வேகம், எதிரியின் பலம் எல்லாம் கோடோ எஞ்சினில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) மதிப்புகளைச் சேமிக்கும் ஒரே ரிசோர்ஸ் ஃபைலில் இருக்கின்றன. கேமும் அதையே படிக்கிறது, நண்பனும் அதையே பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை தாளைத் திருத்தப் பத்து நிமிடம் போதும். 60 பக்கத்துக்கு அரை நாள் வேண்டியிருந்தது, அதனாலேயே தள்ளிப்போட்டோம்.

ஆனால் நாங்கள் இரண்டே பேர். பத்துப் பேர் குழுவில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே இது தாங்குமா என்று அடித்துச் சொல்லமாட்டேன். புதிர்கள் ஒன்றோடொன்று பின்னிய கேமுக்கும் விரிவாக எழுதத்தான் வேண்டும். ‘கிரிம் ஃபாண்டாங்கோ’ என்ற சாகச கேமின் புதிர் ஆவணமே 70 பக்கத்தைத் தாண்டும். எங்கள் கேமில் இப்போது பேசும் பாத்திரங்கள் 4 பேர்தான். அது கூடினால் வசனத்துக்கு மட்டும் தனி ஷீட் தொடங்குவதாக இருக்கிறோம்.