ஃபயர்மேன் வேலையா, 108 வேலையா?

தம்பிங்க நிறைய பேர் இதையே கேக்குறாங்க.

காசு யார்து: தீயணைப்புத் துறை முழுக்க மாநில அரசு. 108-க்கும் அரசு காசுதான், ஆனா 2008-ல இருந்து நடத்துறது தனியார், ஆளுங்களும் அவங்க ஆளுங்கதான்.

சம்பளம்: ஃபயர்மேனுக்கு 18,200–67,100 ஸ்கேல், மேல டிஏ (அகவிலைப்படி). 108-ல அந்த ஸ்கேல் கிடையாது, 12 மணி நேர ஷிஃப்ட் வேற. ஓடுற வண்டியில ஒரு கையால கம்பிய புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஆக்சிஜன் மாஸ்க் மாட்டுற இஎம்டிய (வண்டியில முதலுதவி பண்றவங்க) பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், அவங்களுக்கெல்லாம் நிரந்தர வேலை குடுக்கணும்ங்க.

சேர்றது: ஃபயர்மேனுக்கு பத்தாவது போதும், ஆனா கான்ஸ்டபிளோட சேர்ந்த பரீட்சை, 1500 மீட்டர் ஓடணும், கயிறு ஏறணும். 108-ல கேம்ப் போட்டு எடுக்குறாங்க.

வயசும் உடம்பும் இருந்தா ஃபயர்மேனுக்கே படிங்க. நர்சிங் முடிச்சு உடனே வேலை வேணும்னா 108.