பினாங்கில் தூண்டில் கிளப்போடு கடலுக்குப் போவது: ஒரு பழைய உறுப்பினரின் அனுபவம்

குடும்பத்தோடு படகில் மீன் பிடிக்கப் போகலாமா, அதற்காகக் கிளப்பில் சேர்வது பிரயோஜனமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சில வருடங்களாக நான் உறுப்பினராக இருக்கும் கிளப்பை வைத்து எழுதுகிறேன். பெயர் போடவில்லை, இது விளம்பரம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரலாம். ஆனால் மீன் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைத்துச் சேர வேண்டாம், ஏனென்றால் தனியாகப் படகு எடுத்தாலும் அதே தெக்கோங்தான் (படகோட்டி) வருவார், அதே பாலத்தடிக்குத்தான் கொண்டுபோவார், அதே மீன்தான் கடிக்கும். கிளப் நமக்குச் செய்கிற வேலையெல்லாம் கரையிலேயே நடக்கிறது. எந்த நாள் போவது, எந்தப் படகு, எத்தனை பேர் ஏறலாம், எப்போது வேண்டாம் என்று நிறுத்துவது, இந்த நாலு முடிவுக்காகத்தான் நான் சந்தா கட்டுகிறேன்.

எங்கள் கிளப்பில் உறுப்பினர் பயணம் வேறு, குடும்பப் பயணம் வேறு. உறுப்பினர் பயணம் என்றால் சிறிய ஃபைபர் படகு, நாலைந்து பேர், விடியும் முன்பே தீவின் தென்கிழக்கில் உள்ள பத்து மாவுங் என்ற ஊரின் ஜெட்டியில் (படகுத்துறை) ஏறிவிடுவோம், கூரை கிடையாது, கழிப்பறை கிடையாது, வெயில் ஏறிய பிறகும் மீன் கடித்துக்கொண்டிருந்தால் யாரும் கிளம்பச் சொல்ல மாட்டார்கள். குடும்பப் பயணத்துக்குக் கூரையும் கழிப்பறையும் உள்ள பெரிய மரப்படகு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் உள்ள நீரிணையை விட்டு வெளியே போகாது. மதியத்துக்குள் அமான் தீவில் இறக்கிவிடுவார்கள். அங்கே மீ ஊடாங் (இறால் நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு, நூறு வருடத்தைக் கடந்த ஈரப்பலா மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பலாம். இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் கிளப் கறாராக இருக்கிறது. அதைப் பாராட்டுகிறேன். கலந்து போன வேறு கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன், அப்பா இன்னும் ஒரு மணி நேரம் என்பார், பிள்ளை பின்னால் அழுதுகொண்டிருக்கும், அம்மா இருவரையும் சமாளிப்பார், அந்த அம்மா மறுபடி கடலுக்கு வரவே மாட்டார்.

நாள் பார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதிப் பேருடைய ஏமாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பினாங்குக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரிது, அவ்வளவு நீரும் நீரிணை வழியாகப் போய் வர வேண்டும் என்பதால் பாலத்துக்கு அடியில் ஆறு மாதிரி இழுக்கும். எவ்வளவு கனமான ஈயக்குண்டு போட்டாலும் அடியில் நிற்காது. சேறு கிளம்பி நீர் கலங்கிவிடும், ஒருவர் தூண்டில் நரம்பு பக்கத்தில் உள்ளவர் நரம்போடு பின்னிக்கொள்ளும், பெரியவர்களே சிக்கெடுத்துச் சலித்துப்போவார்கள், பிள்ளைகள் எம்மாத்திரம். பாதி நிலா தெரிகிற அஷ்டமி, நவமி, தசமி நாட்களில் அந்த வேகம் தளர்ந்துவிடும், ஆயிர் மாத்தி, அதாவது செத்த நீர், என்று தெக்கோங்குகள் சொல்வது இந்த நாட்களைத்தான். இதற்கு வீட்டில் தொங்குகிற தமிழ் நாட்காட்டியே போதும். அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளோடு தூண்டில் போடுவதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

ஆனால் ஓட்டம் அறவே நின்றுபோனால் மீனும் மந்தமாகிவிடும். அதனால் உறுப்பினர் பயணத்தை நீர் மறுபடி வேகம் எடுக்கத் தொடங்குகிற நாளாகப் பார்த்து வைப்பார்கள். குடும்பப் பயணத்தை முழுக்கத் தளர்ந்த நாளில் வைப்பார்கள். குடும்பப் பயணத்தில் மீன் குறைவு என்று புதிதாக வருபவர்கள் குறைப்படுவது இதனால்தான், தேதியே அதற்காகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இறால் துண்டில் கடித்த உள்ளங்கை நீளக் கெலாமா மீன் போதும். அதைத் தூக்கிக் காட்டும்போது படகு முழுக்கக் கைதட்டும்.

இடம் என்று பார்த்தால் பாலங்கள்தான் எங்களுக்குப் பிரதானம். 1985இல் திறந்த முதல் பாலம், 2014 மார்ச்சில் திறந்த இரண்டாவது பாலம், இரண்டுக்கு அடியிலும் தூண்டில்காரர்கள் போவார்கள். இரண்டாவது பாலம் பத்து மாவுங்கிலிருந்து பெருநிலத்தில் உள்ள பத்து காவான் வரை 24 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேல் மட்டும் ஏறக்குறைய 17 கிலோமீட்டர், எத்தனை தூண் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தூணில் சிப்பி ஒட்டும், சிப்பியைத் தேடிச் சின்ன மீன் வரும், அதைத் தேடி கெராப்பு (களவா), ஜெனஹாக், சியாகாப் (கொடுவா) போன்ற பெரிய மீன்கள் எல்லாம் வந்து தங்கும். தூணில் கயிறு கட்டுவதைக் கிளப் அனுமதிப்பதில்லை, சற்றுத் தள்ளி நங்கூரம் போடச் சொல்வார்கள். உயிர் இறால் போட்டு நீர் திரும்புகிற அந்த அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், சியாகாப் கடித்தால் அந்த நேரத்தில்தான் கடிக்கும். முன்பெல்லாம் தெற்கே கலங்கரை விளக்கம் இருக்கிற ரீமாவ் தீவுப் பக்கமும் போவோம். 2023 செப்டம்பரில் தெற்குக் கரையோரம் கடலை நிரப்பிச் செயற்கைத் தீவு கட்டும் வேலை தொடங்கிய பிறகு எங்கள் தெக்கோங்குகள் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். தெலுக் கும்பார், சுங்கை பத்து மீனவர்களுக்கு அது பிழைப்புப் பிரச்சினை. பொழுதுபோக்குக்குப் போகிற எனக்கே மனம் கனக்கிறது, அதையே நம்பியிருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்.

சரி, குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் வராததற்குக் கடல் பயம் காரணம் என்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவியிடமும் மற்ற வீட்டுப் பெண்களிடமும் கேட்டதில் முதல் காரணம் கழிப்பறை. ஐந்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உட்காரச் சொன்னால் யார் வருவார்கள்? கழிப்பறை உள்ள படகாக மாற்றிய பிறகு குடும்பப் பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் பளிச்சென்று கூடினார்கள். படகு எடுக்கும்போது எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு அங்கி. கிளப்புக்கு வெளியே, சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒருமுறை படகு எடுத்தோம், யாருடையது என்பது வேண்டாம். ஜெட்டிக்குப் போய்ப் பார்த்தால் ஆள் எண்ணிக்கைக்கு அங்கி இல்லை, இருந்ததும் பெரியவர்கள் அளவு. நீரிணைதானே, அலை இருக்காது என்று படகுக்காரர் சமாதானம் சொன்னார். பெரிய அங்கியைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் அங்கி மேலே வந்துவிடும், பிள்ளை கீழே நழுவிவிடும். நாங்கள் முன்பணத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தோம், வந்தவர்களில் சிலருக்கு என் மேல் இன்னமும் வருத்தம். கிளப்பில் பிள்ளைகளின் எடையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், கால்களுக்கு நடுவில் வார் உள்ள அங்கியாக எடுத்து வைக்கிறார்கள், படகு கட்டவிழ்க்கும் முன் ஒருவர் எல்லாருடைய கொக்கியையும் இழுத்துப் பார்க்கிறார். எனக்கு இந்த ஒன்று போதும்.

தலைசுற்றலுக்கு மாத்திரை போடுவதாக இருந்தால் படகில் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடும் வரக்கூடாது, சம்பல் வழிய நாசி லெமாக் சாப்பிட்டும் வரக்கூடாது, ரொட்டியோ இட்லியோ இரண்டு போதும். படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள், கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். மேற்கே பூலாவ் பெத்தோங், கெண்டி தீவுப் பக்கம் திறந்த கடல், அங்கே அலை வேறு மாதிரி தூக்கிப்போடும், முதல் முறை வருபவர்களை அங்கே கூட்டிப்போகவே வேண்டாம்.

மீனைக் கொக்கியிலிருந்து எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். செம்பிலாங் என்ற கெளுத்தி வகை மீனின் முள் குத்தினால் வலி பெரிய ஆளையே உட்கார வைத்துவிடும், திருக்கை வாலும் அப்படித்தான். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை வைத்திருக்க வேண்டும், அப்புறம் நேராக மருத்துவமனை. இதற்காகவே எங்கள் படகில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கும். உப்பிக்கொண்டு வருகிற புந்தால் மீனைப் பார்த்துப் பிள்ளைகள் குதூகலப்படுவார்கள், பார்த்ததும் திருப்பிவிட்டுவிடுங்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

வானிலை விஷயத்தில் கிளப் எடுக்கிற முடிவை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்ப் புயல்காற்று வரும், ஒரு மணி நேரத்தில் வந்து போய்விடும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் சிறிய படகில் இருக்கக் கூடாது. பருவம் மாறும் மாதங்களில் பிற்பகலில் இடி மின்னல். வடகிழக்குப் பருவக்காற்றைப் பெருநிலம் தடுத்துவிடுவதால் கிழக்குக் கரை மூடிக்கிடக்கும் மாதங்களில் நமக்கு இங்கே கடல் ஓரளவு அமைதி, ஜனவரி, பிப்ரவரியில்தான் குடும்பப் பயணம் அதிகம் வைக்கிறார்கள். தைப்பூச விரதம் அந்த நேரத்தில் வருவதால் அதற்கு முந்தைய வாரங்களைத் தவிர்ப்பார்கள். புரட்டாசியில் குடும்பப் பயணமே கிடையாது, பாதி வீடுகளில் சைவம், மழையும் இடியும் வேறு. சீன, மலாய் உறுப்பினர்களுக்கும் இது பழகிவிட்டது, அந்த மாதத்தில் அவர்கள் தனியாகப் போய் வருவார்கள்.

செலவைப் பற்றி: படகு வாடகை, எண்ணெய், உயிர் இறால், பனிக்கட்டி எல்லாவற்றையும் கூட்டிக் கொங்சி போடுகிறோம், அதாவது ஆளுக்குப் பங்கு போட்டுக்கொள்கிறோம். இரவு உணவுக் கடையில் நாலு பேர் நல்ல கெராப்பு சாப்பிடுகிற காசுக்கு நாலு பேர் போய் வரலாம், ஆனால் பிடிக்கிற மீனை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒருநாளும் கட்டாது. உயிர் இறால் விலைதான் வாரத்துக்கு வாரம் மாறும். மீனைப் பங்கு வைப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு, உறுப்பினர் பயணத்தில் பிடித்தவருக்கே மீன், குடும்பப் பயணத்தில் எல்லாவற்றையும் கொட்டி வீட்டுக்கு ஒரு பங்கு. பிள்ளைகள் பிடித்ததை மட்டும் அவரவர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

குறையும் உண்டு. இரத்து செய்வதை முந்தின இரவு பத்து மணிக்குத்தான் அறிவிக்கிறார்கள், வானிலை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பது புரிகிறது, ஆனாலும் ஈப்போவிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு அது பெரிய சிரமம், மதியமே ஒரு முன்னறிவிப்பு கொடுக்கலாம். வாடகைத் தூண்டில்களில் பாதிக்கு நரம்பு சுற்றும் சுழல் துருப்பிடித்திருக்கிறது, உப்புநீரில் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ ஆள் வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் பலமுறை சொல்லியாயிற்று. வயதானவர்கள் படகில் ஏறுவதற்கு ஜெட்டிப் படி வசதியாக இல்லை, நீர் வற்றிய நேரத்தில் படி வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களை நீர் ஏறியிருக்கிற நேரத்தில் ஏற்றுங்கள். அப்படித் தேதி அமையாவிட்டால் பெரியவர்களை நேராகப் பெருநிலத்தில் உள்ள பத்து மூசாங் ஜெட்டிக்குக் காரில் அனுப்பி, அங்கிருந்து அமான் தீவுக்குப் பயணப் படகில் வரச் சொல்கிறோம், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாரும் சேர்ந்துவிடலாம்.

குடும்பப் பயணத்துக்கு இடம் குறைவு, பள்ளி விடுமுறைக்கு வைக்கிற தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. விருந்தினராக ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சேரலாம், அப்படி வருவதாக இருந்தால் பெயரோடு பிள்ளைகளின் வயது, எடை, யாருக்காவது ஆஸ்துமா, இறால் ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.