வன்னி வெயிலில் முகத்தைக் காப்பது எது: துணியா, கிறீமா, வீட்டுப் பூச்சா?

கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கின்றன. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறது. சிறுபோக விதைப்பும் அறுவடையும் ஏறக்குறைய அந்தக் காலங்களை ஒட்டியே வருகின்றன. புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் 3 ஐத் தொட்டாலே தோலைக் காக்கத் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முகில் இல்லாத நாளில் வன்னியின் நண்பகலில் அது 11 ஐத் தாண்டுவது வழமை. அந்த நிறுவனத்தின் அட்டவணையில் அதற்கு மேற்பட்ட படி கிடையாது.

இருந்தும் ‘எங்கடை கறுத்தத் தோலுக்கு இதெல்லாம் எதுக்கு’ என்ற பேச்சை இங்கு எவரும் கேட்டிருப்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மிகக் கருமையான தோலில் உள்ள மெலனின், எஸ்.பி.எஃப். (வெயிற்காப்பு எண்) 13 அளவுக்குத் தானே காவல் தருகிறது என்று அளந்திருக்கிறார்கள். வெள்ளைத் தோலினரோடு ஒப்பிட்டால் வெயிலால் வரும் தோற்புற்று நம்மிடையே மிகக் குறைவு. ஆனால் நம்முடைய மாநிறத் தோலுக்கு அந்த 13 முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதோடு, மங்கு, கரும்புள்ளி, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கறை ஆகியவை நமக்கே அதிகம் வருகின்றன, அவற்றை வெயில் வளர்த்தும் விடுகிறது. ஆகவே தினமும் காப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்தக் காப்பு, யாருக்கு என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

துணியும் கிறீமும்

வயலில் நிற்பவருக்கும் கடற்கரையில் கருவாடு காயப்போடுபவருக்கும் துணியே முதலிடம் பெறுகிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. களை பிடுங்கப் போகும் பெண்கள் சட்டைக்கு மேலே வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துவாய் கட்டி, அதற்கு மேல் தொப்பியும் வைத்துக்கொள்வதை இரணைமடுவின் கீழுள்ள வயல்களில் எந்தப் போகத்திலும் காணலாம். அது பழக்கத்தால் வந்த சரியான விடை. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் விதிப்படி சன்ஸ்கிறீன் பூசுவதென்றால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 கிராம் வேண்டும். 50 கிராம் ரியூப் ஒன்று ஒரு நாள் வேலைக்கே காணாது. நாட்கூலியில் அது நடக்கிற காரியமல்ல.

ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேர்ட்டின் காப்பு எண் 5 முதல் 7 வரைதான், வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் அதுவும் குறைந்துவிடும். நெசவு நெருங்கிய, கருநிறத் துணியோ பல மடங்கு காக்கிறது. இதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை: துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளி எவ்வளவு ஊடுருவுகிறதோ அதைக் கொண்டு கதிரின் போக்கையும் ஓரளவு ஊகிக்கலாம். தொப்பியின் விளிம்பு சுற்றிவர 7.5 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். முன்புறம் மட்டும் நீட்டிய கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் வெயிலுக்கு விட்டுவிடுகிறது.

துணி தோற்கும் இடம் முகம். காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி எறிவதால், முல்லைத்தீவுக் கரையில் தொப்பி போட்டவரின் கன்னமும் கீழிருந்து எரிகிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் புறங்கைக்கும் கிறீம், மற்றதெல்லாம் துணிக்கு என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் நிற்கும், காப்பும் முழுமையாகும்.

வயல்காரர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கச் சுகாதாரத் துறையினர் கொடுக்கும் டொக்ஸிசைக்கிளின் மாத்திரை, தோலை வெயிலுக்கு எளிதில் சுடவைக்கும் மருந்துகளில் ஒன்று. மாத்திரையை நிறுத்தக் கூடாது, அது உயிரைக் காப்பது. அந்தக் கிழமைகளில் சட்டைக் கையை மடித்துவிடாமல் இருப்பதும் முகத்துக்குப் பூசுவதும்தான் செய்ய வேண்டியவை. பருவுக்கு ரெட்டினோயிட் வகைக் களிம்பு பூசுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இரு வகைக் கிறீம்கள்

முகத்துக்குக் கிறீம் என்று முடிவானபின் கடையில் இரண்டு குடும்பங்கள் எதிர்ப்படுகின்றன. சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டையொக்சைட் ஆகிய தாதுக்களால் ஆனது ஒன்று. அவோபென்சோன், ஒக்டோகிறிலீன் முதலிய சேதன (கரிமச் சேர்ம) கதிர் வடிகட்டிகளால் ஆனது மற்றையது. முதலாவது கண்ணாடிபோலக் கதிரைத் தெறிக்கவிடும், இரண்டாவது உறிஞ்சும் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் தாதுக்களும் பெரும்பாலும் உறிஞ்சியே காக்கின்றன, தெறிப்பது சிறு பங்குதான். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது.

தாதுப் பூச்சு கண்ணில் வழிந்தாலும் அதிகம் எரிக்காது, ஒவ்வாமை அரிது, பூசியவுடன் வேலை செய்யும். அதன் குறை சாம்பல் பூத்த வெண்மை. மாநிற முகத்தில் அது மாப் பூசியது போலத் தெரிய, அந்தக் கூச்சத்தில் பலர் கால்வாசி அளவு மட்டும் பூசி நிறுத்திவிடுகிறார்கள். சேதன வகை முகத்தில் தெரியாமல் மறைந்துவிடும், ஜெல் வடிவில் வந்தால் பிசுக்கும் குறைவு. ஆனால் ஒன்பது மணி வியர்வையில் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறங்கும்போது சிலருக்குத் தாங்க முடியாத எரிச்சல் தரும். அவோபென்சோன் மட்டும் இருந்தால் வெளிச்சத்திலேயே சிதைந்துவிடக்கூடியது. அதை நிலைநிறுத்த ஒக்டோகிறிலீன் போன்ற துணை இருக்கிறதா என்று பின்பக்கத்தை வாசித்துப் பார்ப்பது நல்லது.

இந்த வடிகட்டிகள் இரத்தத்தில் கலக்கின்றன என்று 2019 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைக் காட்டிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. கலப்பது உண்மை, அதனால் கேடு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, பூசுவதை நிறுத்துமாறு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கேட்கவில்லை. கருவுற்றிருப்பவர்களும் மனம் ஒப்பாதவர்களும் தாது வகையை எடுத்தால் கேள்வியே எழாது. பவளப்பாறைகளுக்காக ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேற் இரண்டின் விற்பனையையும் ஹவாய் மாநிலம் 2021 இலிருந்து தடை செய்திருக்கிறது. கடற்குளிப்புக்குப் போகும் நாளில் அவை இல்லாததைப் பூசலாம்.

என் தேர்வு இதுதான்: ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலும் போய்வரும் பெண்களுக்கும் பருக்கள் உள்ள இளைஞர்களுக்கும் சேதன வடிகட்டி ஜெல், மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறம் ஏற்றிய தாதுப் பூச்சு. மங்கைக் கருமையாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு, அதைச் சாதாரண சன்ஸ்கிறீன் தடுப்பதில்லை, இரும்பு ஒக்சைட் தடுக்கிறது. அந்த நிறமே வெண்மைக் குறையையும் மறைத்துவிடுவதால், விலை கூடினாலும் அவர்களுக்கு அதுவே நியாயமான செலவு.

30, 50, பி.ஏ.

தோலைச் சுடும் யூ.வி.பி. கதிரில் எஸ்.பி.எஃப். 15 ஏறத்தாழ 93 சதவீதத்தையும், 30 ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. தாளில் பார்த்தால் 30 உம் 50 உம் ஒன்றுபோலத்தான். ஆனால் இந்த எண்கள் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தவை, வீட்டில் எவரும் அவ்வளவு பூசுவதில்லை. குறைத்துப் பூசும் கைக்கு 50 கொஞ்சம் இடம் கொடுக்கிறது. எண்ணை விட முக்கியமானது, அது பெரும்பாலும் யூ.வி.பி. கதிரையே அளக்கிறது என்பது. கருமையையும் சுருக்கத்தையும் தரும் யூ.வி.ஏ. கதிருக்கு ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னாலுள்ள கூட்டற்குறிகளைப் பார்க்க வேண்டும். மூன்றுக்குக் குறைந்ததை நான் வாங்கமாட்டேன்.

யூ.வி.ஏ. கண்ணாடியையும் கடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பாடசாலைகளுக்கு ஏ9 வீதியால் வரும் ஆசிரியைகள் காலையில் தெற்கு நோக்கி வரும்போது கிழக்கு வெயில் இடப்பக்க யன்னலில் விழுகிறது. பிற்பகலில் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே இடப்பக்கத்தில்தான் விழுகிறது. வவுனியாவிலிருந்து வருபவர்களுக்கு இரு வேளையும் வலப்பக்கம். ஆகவே எதிர்ப்பக்க இருக்கை கிடைத்தால் அதில் அமர்வதே காசில்லாத காப்பு.

பூசும் அளவு

எந்த ரியூப் சிறந்தது என்ற விவாதத்தை விட, எவ்வளவு பூசுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிழிந்தால், அது முகத்துக்கும் கழுத்துக்கும் போதுமான அளவு. ஒரே தடவையில் பூசினால் வழுக்கும். ஒரு விரலில் உள்ளதை முதலில் பரப்பி, அது ஊறியபின் மற்றதைப் பூச வேண்டும். காது மடல், தலைமுடி தொடங்கும் விளிம்பு, சங்கிலிக்குக் கீழுள்ள கழுத்து, தாடையின் அடிப்பாகம் ஆகியவை தவறிப்போகும் இடங்கள். கழுவி, தேவையென்றால் ஈரப்பதக் கிறீம் பூசி, அதற்குப் பிறகே இது. கச்சான் காற்று தோலை உலர்த்தும் மாதங்களைத் தவிர, எண்ணெய்ச் சருமத்தினருக்கு அந்த ஈரப்பதக் கிறீம் கூடத் தேவைப்படாது. வெளிக்கிட ஒரு கால் மணித்தியாலம் முன்னரே பூசி உலரவிட்டு, பொட்டையும் திருநீற்றையும் அதன்மேல் வைத்தால் இரண்டும் குலையாது.

இந்த அளவு ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட வரும். காலையிலும் நண்பகலிலும் பூசினால் 50 கிராம் ரியூப் மூன்று கிழமைகளில் தீர்ந்துவிட வேண்டும். நாலு மாதம் ஓடுகிறது என்று ஒருவர் மகிழ்ந்தால், அவர் பூசுவது காப்பாகவில்லை. அதனால்தான் விலை கூடிய வெளிநாட்டுச் சிறு ரியூபை விட, தாராளமாகப் பூச மனம் வரும் விலையில் உள்ளதை நான் பரிந்துரைக்கிறேன். வெளியில் நிற்பவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். ஹெல்மெற் பட்டி உரசும் கன்னத்தில் அதற்கு முன்னரே அழிந்துவிடும். கூரைக்குள் இருப்பவருக்கு வீடு திரும்புமுன் ஒரு தடவை போதும்.

வீட்டுப் பூச்சுகளும் வெண்மைக் கிறீம்களும்

தேங்காயெண்ணெய், சந்தனம், மஞ்சள், கற்றாழை ஆகியவற்றை நான் இழிவாகக் கருதவில்லை. வெயிலில் வந்தபின் கற்றாழையின் குளிர்ச்சி இதமானது, குளித்தபின் எண்ணெய் தோலை மென்மையாக்கும். வெயிலுக்கு முன் பூசும் காவலாக அவற்றை எடுத்தால் நம்பத்தக்க காப்பு எதுவும் கிடைப்பதில்லை. எஸ்.பி.எஃப். 15 என்று எழுதிய முகப் பவுடரும் அப்படித்தான்; அந்த எண்ணைப் பெற முகத்தில் அப்ப வேண்டிய அளவில் எவரும் பவுடர் போடுவதில்லை.

“பிள்ளை, இது பூசினா முகம் வெளுக்குமோ?” என்று ஒரு மூத்த ஆசிரியை என்னிடம் கேட்டார். “வெளுக்காது ரீச்சர், இருக்கிற நிறத்தைக் காக்கும்” என்றேன். ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது, அந்த ஏமாற்றத்தைத்தான் வெண்மைக் கிறீம் விற்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். தயாரித்தவர் பெயரோ உள்ளடக்கப் பட்டியலோ இல்லாமல் பான்சிக் கடைகளில் கிடைக்கும் வெண்மைக் கிறீம்களில் பாதரசமும் கடுமையான ஸ்டீரொயிட்டும் இருக்கக்கூடும். ஸ்டீரொயிட் தோலை மெலியவைக்கும், பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு இடமே கொடுக்க மாட்டேன்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தக் கிறீமும் வேண்டாம், நிழலும் துணியும் மட்டுமே. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ தூக்கிக்கொண்டு போகும்போது குடையை விரித்துப் பிடிக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாது வகையைப் பூசலாம். வாங்கியதை ஸ்கூட்டி இருக்கைக்கு அடியில் வைத்து வெயிலில் நிறுத்தினால் திகதி முடியுமுன்னரே அது பிரிந்து நீராகிவிடும். கைப்பையில் துணி சுற்றி வைத்திருக்க வேண்டும்; பிழிந்தவுடன் எண்ணெய் தனியாக வந்தால் அந்த ரியூபை எறிந்துவிட வேண்டும்.